தேள் கொட்டிய இடமும் நெறி கட்டிய இடமும்

"தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா?" சம்பந்தமில்லாத இரண்டை முடிச்சுப் போட்டுப் பேசுகிறவரை மடக்க இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. ஆனால் இந்தக் கிண்டலுக்குள் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது. மரம் விட்டு மரம் நெறி கட்டாதுதான். ஒரே உடம்புக்குள் கட்டும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் கவட்டில் நெறி கட்டும். கையில் புண் என்றால் அக்குளில். தலையில் பேன் கடித்துச் சொறிந்து புண்ணானால் பிடரியில். நம் பாட்டிகளுக்கு இந்த வரைபடம் மனப்பாடம். பையனின் கவட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கடா கால்ல குத்திக்கிட்ட?" என்று கேட்பார்கள்.

அடிபட்டது ஓரிடம், வீங்கியது வேறிடம். செய்தி எந்த வழியாகப் போனது? நரம்பு வழியாக என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் போயிருக்க வேண்டும். ரத்தம் வழியாக என்றால் ஒரு நிமிடத்தில் உடம்பெல்லாம் பரவியிருக்க வேண்டும். நெறியோ சாவகாசமாக ஒன்றிரண்டு நாள் கழித்து, அந்தக் காலுக்கு உரிய கவட்டில் மட்டும் கட்டுகிறது. இந்தத் தாமதத்தில்தான் துப்பு இருக்கிறது. கிருமிகளும் அவற்றின் சிதறல்களும் நிணநீரோடு, அதாவது திசுக்களிலிருந்து வடிந்து தனிக் குழாய்களில் ஓடும் நீரோடு, தாமாகவே மிதந்து வருவதுண்டு. ஆனால் முறையான தகவல், அதாவது "இன்ன பொருள், இன்ன இடத்தில், இது ஆபத்து" என்கிற முழுச் செய்தி, ஒரு செல்லின் மேல் ஏறி வருகிறது. அந்தச் செல் தோலிலிருந்து கிளம்பி நடந்தே வருகிறது.

1868-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோலைத் தங்கக் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் நரம்பைக் கறுப்பாக்கிக் காட்டும். மேல்தோலில், ரத்தக் குழாய்கூட எட்டிப் பார்க்காத அந்த அடுக்கில், கைகளை நாலாபுறமும் விரித்துக்கொண்டு கறுப்பு உருவங்கள் தெரிந்தன. நரம்பு செல்கள் என்று முடிவு கட்டி எழுதினார். இன்று அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்று அவர் பெயரே. அடுத்த ஆண்டு கணையத்தில் சில திட்டுகளைக் கண்டார். பிற்பாடு இன்சுலினின் ஊற்று என்று தெரிய வந்தவை அந்தத் திட்டுகள்தாம். காசநோய் அவரை மதீரா தீவுக்குத் துரத்தியது. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் கடற்புழுக்களை ஆராய்ந்துகொண்டும் இருந்தவர், 1888-ல், 41-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னதாக இறந்துபோனார். தான் கண்ட இரண்டும் என்ன வேலை பார்க்கின்றன என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நரம்பு என்ற யூகம் நிற்கவில்லை. பிறகு வந்தவர்களில் பலர் இவற்றைத் தேய்ந்துபோன நிறமிச் செல்கள் என்றார்கள். 1961-ல் மைக்கேல் பிர்பெக் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெண்புள்ளி விழுந்த தோலை ஆராய்ந்தபோது, இவற்றுக்குள் டென்னிஸ் மட்டை வடிவில் சின்னஞ்சிறு துகள்கள் இருந்தன. அழகான அடையாளம், வேலை என்ன என்பது அப்போதும் புரியவில்லை. 1973-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்டைன்மனும் ஸான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கிளை விரித்த ஒரு செல்லைக் கண்டு அதற்கு டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர் வைத்தார்கள். (ஸ்டைன்மன் 2011 செப்டம்பர் 30-ல் காலமானார். செய்தி தெரியாமலே அக்டோபர் 3-ல் நோபல் குழு அவர் பெயரை அறிவித்தது. இறந்தவருக்குத் தருவதில்லை என்ற விதி இருந்தும், உயிரோடு இருப்பதாக எண்ணி முடிவெடுத்தோம் என்று சொல்லிப் பரிசை நிலைநிறுத்தினார்கள்.) தோலில் இருப்பதும் மண்ணீரலில் இருப்பதும் ஒரே வேலை செய்யும் உறவுக்காரர்கள்தாமோ என்ற எண்ணம் எழுபதுகளில் வலுப்பட்டது. அதற்கு முக்கியமான காரணம், 1977-ல் லாங்கர்ஹான்ஸ் செல்லின் மேற்பரப்பில் கண்ட ஒரு வகை மூலக்கூறு. அதைச் சொல்லாமல் மேற்கொண்டு நகர முடியாது.

வெறும் தட்டை நீட்டுவதில்லை

நம் உடம்பின் தற்காப்பில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தனி ரகம். கிருமி எதிரிலேயே வந்து நின்றாலும் அவற்றுக்குக் கண் தெரியாது. கிருமியின் புரதத்தை நறுக்கி, ஒரு சிறு துண்டை உடம்பின் சொந்த மூலக்கூறு ஒன்றில் வைத்து நீட்டினால்தான் பார்க்கும். அந்தச் சொந்த மூலக்கூறும் சேர்ந்திருந்தால்தான் டி செல் பார்க்கும் என்பதை 1974-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ரோல்ப் ஸிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்டியும் காட்டினார்கள். 1996-ல் நோபல் கிடைத்தது. அந்தச் சொந்த மூலக்கூறுதான் எம்.எச்.சி. மனிதர்களிடம் இருப்பதை எச்.எல்.ஏ. என்பார்கள். சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு அலைந்த குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்: "எச்.எல்.ஏ. பொருந்தலையாம்" என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். மாற்று உறுப்பை உடம்பு தள்ளுவதற்கு இது காரணம் என்பது முதலில் தெரிந்தது. எதற்காக உடம்பு இப்படியொன்றைச் செய்து வைத்திருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

1987-ல் பமீலா பியோர்க்மனும் கூட்டாளிகளும் எம்.எச்.சி.யின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டபோது கதை கண்ணுக்கே தெரிந்தது. மூலக்கூறின் உச்சியில் ஒரு பள்ளம், அதற்குள் ஒரு துண்டுப் பெப்டைடு, அதாவது நறுக்கிய புரதத் துணுக்கு. விசேஷ வீட்டுத் தாம்பாளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளம் நம்முடையது, மேலே இருக்கும் பொருள் வெளியிலிருந்து வந்தது. டி செல் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

இதில் இரண்டு வகுப்பு. முதல் வகுப்பு, உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. தன்னுள்ளே என்ன தயாராகிறது என்பதைக் காட்ட. இரண்டாம் வகுப்பு சில செல்களுக்கு மட்டும் வாய்த்தது. வெளியிலிருந்து விழுங்கியதைக் காட்டுவது அதன் வேலை. சாதாரணமாக இருக்கும் மேல்தோலில் இந்த இரண்டாம் வகுப்பைத் தாங்கி நிற்பது லாங்கர்ஹான்ஸ் செல்தான். 1977-ன் கண்டுபிடிப்பு அதுவே.

இந்தத் தாம்பாளம் தயாராகும் முறையில் ஒரு பண்பாடு இருக்கிறது. நம் ஊரில் வெறும் தட்டை நீட்டக்கூடாது என்பார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு வெற்றிலையாவது வைத்து நீட்டு என்பார்கள். செல்லுக்குள்ளும் அப்படித்தான். இரண்டாம் வகுப்பு மூலக்கூறு பிறந்தவுடனேயே அதன் பள்ளத்தை இன்னொரு புரதம் அடைத்துக்கொள்கிறது. மாறாச் சங்கிலி என்று அதற்குப் பெயர். பள்ளம் காலியாக இருந்தால் மூலக்கூறு நிலைகுலையும். பிறந்த இடத்தில் கண்ட துண்டெல்லாம் வந்து உட்கார்ந்துவிடவும் கூடும். மாறாச் சங்கிலியே அதை லைசோசோம் பக்கமாக, விழுங்கியவை செரிக்கப்படும் அறைக்கு, அழைத்துப் போகிறது. அங்கே அமிலத்திலும் நொதியிலும் சங்கிலி நறுக்கப்பட்டு, பள்ளத்தை மூடியிருந்த துணுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கிளிப் என்பார்கள். எச்.எல்.ஏ.-டி.எம். என்ற உதவியாள் வந்து கிளிப்பை எடுத்துவிட்டு, அறையில் கிடக்கும் அந்நியத் துண்டுகளில் நன்றாகப் பொருந்துவது உட்கார வழிவிடுகிறது. வெற்றிலையை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தாயிற்று.

வைத்தபின் உடனே வெளியே நீட்டுவதில்லை என்பதில்தான் சுவாரசியம். அமைதியான காலத்தில் இந்த மூலக்கூறுகளில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. மேற்பரப்புக்கு வருபவையும் நிலைப்பதில்லை. மார்ச்-1 என்ற நொதி அவற்றின் வாலில் ஒரு குறியை ஒட்டுகிறது. குறி பட்டவை உள்ளே இழுக்கப்பட்டு அழிகின்றன. அன்டோனியோ லான்சாவெக்கியாவின் குழு 1997-ல் டென்ட்ரிட்டிக் செல்களில் கணக்குப் பார்த்தது: அமைதியில் இந்த மூலக்கூறின் அரை ஆயுள் சுமார் 10 மணி நேரம். அழற்சிச் சமிக்ஞை கிடைத்ததும் 100 மணி நேரத்துக்கு மேல். அதாவது ஆபத்து என்று தெரிந்த கணத்தில் கையில் இருந்ததை நான்கு நாளைக்கு மேல் பத்திரப்படுத்திக்கொள்கிறது. நான்கு நாள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பயணக் கணக்கு வரும்போது இதே எண் திரும்ப வரும்.

2002-ல் இரண்டு குழுக்கள் எம்.எச்.சி.யோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி, உயிரோடு இருக்கும் செல்லுக்குள் அது எப்படி நகர்கிறது என்று படம் பிடித்தன. உருண்டையாகக் கிடந்த அறைகள் தூண்டுதல் கிடைத்ததும் நீண்டு நூல் போன்ற குழல்களாகி விளிம்பை நோக்கி ஓடின. பக்கத்தில் பொருத்தமான டி செல் ஒட்டியிருந்தால், எல்லாக் குழல்களும் அந்தத் திசைக்கே திரும்பின. விருந்தாளி எந்த வாசலில் நிற்கிறார் என்று பார்த்துத் தட்டை எடுத்துப் போகிற மாதிரி.

கை மட்டும் அசைகிறது

இனி தோலுக்கு வருவோம். சதுர மில்லிமீட்டருக்கு 500 முதல் 1,000 வரை லாங்கர்ஹான்ஸ் செல்கள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் பாதத்திலும் குறைவு. மேல்தோல் செல்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்துதான் இவை. ஒன்றரை, இரண்டு சதுர மீட்டர் தோலுக்குப் பெருக்கினால் ஒரு மனிதரிடம் கிட்டத்தட்ட நூறு கோடி. ஒவ்வொன்றும் பக்கத்துக் கெரட்டினோசைட்டுகளோடு (மேல்தோலின் பெரும்பான்மைச் செல்கள்) ஈ-கேதெரின் என்ற பிடிப்புப் புரதத்தால் கைகோத்து நிற்கிறது. 1993-ல் இதைக் கண்டார்கள்.

கோத்து நிற்பதால் சும்மா இருக்கிறது என்று பொருளில்லை. அதே பச்சை ஒளி எம்.எச்.சி. கொண்ட எலிகளின் காது மடலை உயிரோடு நுண்ணோக்கியில் வைத்து அகிரா தகாஷிமாவின் குழு 2006-ல் படம் எடுத்தது. அமைதியான தோலில் செல்லின் உடல் மணிக்கணக்கில் இடம் மாறவே இல்லை. ஆங்காங்கே சில செல்கள் கையை நீட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தன. தோலைத் தொந்தரவு செய்ததும் இந்த நீட்டலும் சுருக்கலும் கூடியது. சில செல்கள் உடலோடு நகரவும் தொடங்கின. வாசல் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிறவர்களை எல்லாம் விசாரிக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்கள் எழுந்துவிட்டார்கள் என்றால் விஷயம் பெரிது.

கை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2009-ல் தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் மசாயுகி அமகாய் குழு காட்டியது. மேல்தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே நீர்கூடப் புகாதபடி இறுக்கமான தையல்கள் உண்டு. தூண்டப்பட்ட லாங்கர்ஹான்ஸ் செல் தன் கையை அந்தத் தையலுக்குள் நுழைத்து, தையல் பிரியாமலே, அதற்கு அப்பால் கிடப்பதை எடுத்து வருகிறது. கையைச் சுற்றிப் புதுத் தையலும் போட்டுக்கொள்கிறது. கிருமி உள்ளே வந்தபிறகு பிடிப்பது ஒன்று; கதவு திறக்காமலே சாளரம் வழியாகக் கைவிட்டு வெளியில் நிற்பவனைத் தடவிப் பார்ப்பது வேறொன்று. தோலின் நோய்த்தடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

எடுத்து வந்த செல் என்ன செய்யும்? 1985-ல் கெரோல்ட் ஷூலரும் ஸ்டைன்மனும் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். எலித் தோலிலிருந்து அப்போதுதான் பிரித்த லாங்கர்ஹான்ஸ் செல்கள் டி செல்களைத் தூண்டுவதில் மந்தம். அவற்றையே இரண்டு மூன்று நாள் வளர்ப்புத் தட்டில் வைத்தால் பல மடங்கு வீரியம். வயல்வெளியில் பொறுக்குவது ஒரு பருவம், களத்தில் கொண்டுவந்து கொட்டுவது ஒரு பருவம். செல் விழுங்குவதைக் குறைத்துக்கொண்டு காட்டுவதை அதிகமாக்குகிறது. வழியில் கண்டதையெல்லாம் தின்றுகொண்டே போனால், புண் இருந்த இடத்தின் செய்தி கலங்கிப்போகும்.

நூற்றுப் பதினோரு நாள் நடை

தோல் அடிபடும்போது கெரட்டினோசைட்டுகளும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் ஐ.எல்.-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்பா என்ற சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களை, வெளிவிடுகின்றன. இவை கிடைத்ததும் ஈ-கேதெரின் குறைகிறது, கோத்த கை விடுபடுகிறது. மேல்தோலுக்கும் உட்தோலுக்கும் நடுவே அடித்தளச் சவ்வு ஒன்று இருக்கிறது. அதை அறுக்கும் நொதிகளைச் சுரந்து ஓட்டை போட்டுக்கொண்டு செல் கீழே இறங்குகிறது. கூடவே சி.சி.ஆர்.7 என்ற ஏற்பி மேற்பரப்பில் முளைக்கிறது. இதுதான் பயணச்சீட்டு. 1999-ல் இந்த ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, தோலின் டென்ட்ரிட்டிக் செல்கள் நெறி கட்டும் இடமான நிணநீர்க்கணுவுக்குப் போய்ச் சேரவில்லை.

சி.சி.ஆர்.7 மோப்பம் பிடிப்பது சி.சி.எல்.21 என்ற பொருளை. நிணநீர்க் குழாயின் சுவர் இதைச் சுரக்கிறது. காற்றில் பரவும் மல்லிகை மணம் மாதிரி இது மிதப்பதில்லை. சுற்றியுள்ள நார்களின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு, குழாய்க்கு அருகில் அடர்த்தியாகவும் விலக விலக மெலிந்தும் கிடக்கிறது. கோலப்பொடி சிந்திய தடம் என்று சொல்லலாம். ஆஸ்திரியாவில் மைக்கேல் சிக்ஸ்டின் குழு 2013-ல் எலியின் காதில் இதை அளந்தது. சுமார் நூறு மைக்ரான் தொலைவுக்குள் வந்த செல்கள் நேரே குழாயை நோக்கித் திரும்பின. அதே குழு 2008-ல் இன்னொன்றையும் காட்டியிருந்தது: பற்றிப் பற்றி ஏற உதவும் இன்டக்ரின் புரதங்களை முழுவதும் நீக்கிவிட்டாலும் டென்ட்ரிட்டிக் செல் திசுவுக்குள் நன்றாகவே நகர்கிறது. திருவிழாக் கூட்டத்தில் யாரையும் பிடிக்காமல் தோளை நுழைத்து, உடம்பைப் பிதுக்கிக்கொண்டு போகிறோமே, அதே உத்தி. குழாயின் சுவரிலும் ஏற்கெனவே இடைவெளிகள் இருக்கின்றன. தொடக்கநிலைக் குழாய்களில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் மடிப்பு மடிப்பாக, பித்தான் போட்ட சட்டை போலச் சேர்ந்திருக்கும். பித்தான்களுக்கு நடுவே நுழைந்துவிடலாம்.

வேகம் எவ்வளவு? திசுவுக்குள் நிமிடத்துக்குச் சில மைக்ரான். ஐந்து என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதத்திலிருந்து கவட்டுக்கு 80 சென்டிமீட்டர் என்றால் எட்டு லட்சம் மைக்ரான். ஒரு லட்சத்து அறுபதாயிரம் நிமிடம். நூற்றுப் பதினோரு நாள்! முள் குத்தின புண் ஆறி, தழும்பும் மறைந்திருக்கும். ஆக முழு வழியும் நடை அல்ல. தொடக்கநிலைக் குழாய்க்குள் செல் சுவரைப் பற்றி ஊர்ந்தே போகிறது. வால்வும் தசையும் உள்ள பெரிய குழாயை அடைந்தபிறகு ஓட்டத்தில் மிதந்து போய்விடுகிறது. ஒற்றையடிப் பாதையில் நடந்துவந்து மெயின் ரோட்டில் பஸ் ஏறுவதுபோல். நேரமெல்லாம் பஸ்ஸில் போவதில்லை, பாதையில்தான் போகிறது.

யார் முதலில் வந்து சேர்கிறார்கள் என்பதிலும் ஒரு வியப்பு காத்திருந்தது. 2005-ல் பிரான்சின் மார்செய்யில் பெர்னார் மாலிசென் குழு லாங்கர்ஹான்ஸ் செல்கள் மட்டும் ஒளிரும்படி எலிகளை உருவாக்கி, தோலில் ஒரு சாயத்தைப் பூசி, நிணநீர்க்கணுவில் காத்திருந்தது. உட்தோலில் வசிக்கும் வேறு டென்ட்ரிட்டிக் செல்கள் இரண்டு நாளிலேயே வந்துவிட்டன. மேல்தோலில் இருந்து சவ்வைக் கிழித்து இறங்க வேண்டிய லாங்கர்ஹான்ஸ் செல்கள் உச்சத்தை எட்டியது நான்காம் நாள்வாக்கில். கணுவுக்குள்ளும் அவை வேறு பகுதியில் போய் உட்கார்ந்தன. நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் தாம்பாளம் எதற்கு என்பது இங்கே புரியும். பத்து மணி நேரத்தில் அழிகிற தட்டோடு கிளம்பினால் வாசலைத் தாண்டும் முன் கை காலியாகிவிடும்.

கணுவுக்குள் சந்திப்பு எப்படி நடக்கிறது? ஒரு குறிப்பிட்ட பெப்டைடுக்குப் பொருந்தும் டி செல், இதுவரை போர் காணாதவற்றுள், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். டென்ட்ரிட்டிக் செல் கிளைகளை விரித்து நிற்க, டி செல்கள் மணிக்கு நூற்றுக்கணக்கில் உரசிப் போகின்றன. உல்ரிக் ஃபான் ஆன்ட்ரியன் குழு 2004-ல் எலியின் பாதத்தில் டென்ட்ரிட்டிக் செல்களை ஊசியால் செலுத்தி, முழங்கால் மடிப்பின் நிணநீர்க்கணுவில் பார்த்தது. முதல் எட்டு மணி நேரம் தொட்டுத் தொட்டு விலகும் சிறு சந்திப்புகள். அடுத்த பன்னிரண்டு மணி நேரம் ஒட்டிக்கொண்ட நீண்ட பேச்சு. இரண்டாம் நாள் டி செல் விலகி, வேகமாக ஓடத் தொடங்கி, பெருகுகிறது. கணு வீங்குவது இப்படித்தான்: உள்ளே வரும் செல்கள் கூடுகின்றன, வெளியேறுவது சிறிது நேரம் அடைபடுகிறது, பிறகு பெருக்கம். பாட்டி தொட்டுப் பார்த்த நெறி, ஓர் ஊர்க்கூட்டம்.

பெருகிய டி செல்கள் ரத்தம் வழியாகத் திரும்பும்போது, தோலிலிருந்து வந்த செய்தியால் எழுப்பப்பட்டவற்றில் பல தோலுக்கே போகும் விலாசத்தைத் தாங்கிக்கொள்கின்றன. செய்தி கொண்டுவந்த செல் திரும்புவதில்லை. கணுவிலேயே அதன் கதை முடிகிறது.

சேராங்கொட்டையும் முந்திரியும்

இந்தப் பயணம் தவறான ஆளைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. துணிகளுக்குக் குறி போடச் சலவைக்காரர்கள் பயன்படுத்திய சேராங்கொட்டைப் பால், பச்சை முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெய், மாங்காய்க் காம்பின் பால் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவை பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் கழுத்திலும் இடுப்பிலும் சலவைக்குறி தொட்ட இடத்தில் மட்டும் தடிப்பு வந்தது அன்றைய மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. அவர்கள் நாட்டில் பாய்சன் ஐவி என்ற கொடி உண்டு. அதன் உருஷியோலும் சேராங்கொட்டைச் சாறும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். அங்கே ஏற்கெனவே அறிமுகமான உடம்பு, இங்கே கண்டவுடன் அடையாளம் தெரிந்துகொண்டது.

"போன வருஷமெல்லாம் இதே டை தானே போட்டேன், அப்போ ஒண்ணும் ஆகலையே?" என்று முடிச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி வருகிறவர்கள் கேட்பதற்கும் விடை இங்கேதான். கவரிங் தோட்டின் நிக்கலுக்கும் இதே விடை. முதல் சந்திப்பில் செல் நடந்துபோய்ச் செய்தி சொல்லி, டி செல்கள் பெருகி முடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பல முறை பட்டபிறகே இது நடப்பதும் சகஜம். அதற்குள் பட்ட பொருள் தோலை விட்டுப் போயிருக்கும், ஒன்றும் தெரியாது. அடுத்த முறை நினைவோடு இருக்கும் டி செல்கள் தோலிலேயே காத்திருக்கின்றன. ஒன்று முதல் மூன்று நாளில் அரிப்பு, கொப்புளம். தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொல்வது இதற்காகவே.

சாய மூலக்கூறு மிகச் சிறியது, பெப்டைடு அல்ல. அது நம் சொந்தப் புரதத்தில் ஒட்டி, அந்தப் புரதத்தையே அந்நியமாகக் காட்டுகிறது என்பதுதான் நீண்டகால விளக்கம். உருஷியோல் விஷயத்தில் 2016-ல் இன்னொரு தட்டு தெரியவந்தது. லாங்கர்ஹான்ஸ் செல்லில் ஏராளமாக இருக்கும் சி.டி.1ஏ என்ற மூலக்கூறு, புரதத்துக்குப் பதில் கொழுப்பைத் தாங்கும் தட்டு. உருஷியோல் அதன் பள்ளத்தில் நேராகவே உட்காருகிறது. எலிகளுக்கு சி.டி.1ஏ கிடையாது. மனித மரபணுவை எலிக்குள் வைத்த பிறகுதான் இதைச் சோதிக்க முடிந்தது. எலியை வைத்து மனிதத் தோலைப் பேசும்போது இந்த மாதிரி ஓட்டைகள் எத்தனை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

காவலரா, சமாதானம் செய்பவரா?

இதுவரை எழுதியதைப் படித்தால் லாங்கர்ஹான்ஸ் செல்தான் கதாநாயகன். 2005-வரை பாடப்புத்தகங்களும் அப்படியே நம்பின. அந்த ஆண்டு மூன்று குழுக்கள் தனித்தனியே லாங்கர்ஹான்ஸ் செல் இல்லாத எலிகளை உருவாக்கி, தோல் ஒவ்வாமையைத் தூண்டிப் பார்த்தன. ஒரு குழுவின் எலிகளுக்கு ஒவ்வாமை குறைந்தது. இன்னொன்றில் மாற்றமே இல்லை. மூன்றாவதில் அதிகமானது! இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதி 2007-ல் தீர்ந்தது. லாங்கெரின் என்ற புரதம் இவற்றுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி, அதை வைத்தே அழித்திருந்தார்கள். உட்தோலிலும் லாங்கெரின் தாங்கிய வேறொரு டென்ட்ரிட்டிக் செல் இருந்தது. சில எலிகளில் அதுவும் சேர்ந்து அழிந்திருந்தது.

மீதிக் குழப்பம்தான் முக்கியம். லாங்கர்ஹான்ஸ் செல் இல்லாதபோது ஒவ்வாமை கூடுகிறது என்றால், இருக்கும்போது அது அடக்கிக்கொண்டிருக்கிறது என்றாகிறது. தினமும் தோலில் படும் தூசிக்கும், அங்கேயே குடியிருக்கும் கிருமிகளுக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் நமக்கு வாழ்நாள் முழுக்கச் சொறிதான். அமைதிக் காலத்திலும் இச்செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கணுவுக்குப் போய், "இது பரவாயில்லை, விடு" என்றே சொல்லிவருகின்றன என்று காட்டும் சான்றுகள் சேர்ந்துள்ளன. மனிதத் தோலில், அடக்கும் வகை டி செல்களை இவை தூண்டுவதை 2012-ல் கண்டார்கள். காட்டும் மூலக்கூறு அதேதான். கூடச் சொல்லும் சொல் மாறுகிறது. அமைதியின் கை, ஆபத்தின் கை என்று இரண்டாகப் பிரிப்பதைவிட, எந்தச் சூழலில் கிளம்பியது என்பதே தீர்மானிக்கிறது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இதில் கட்சி கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இவற்றின் பூர்வீகமும் டென்ட்ரிட்டிக் குடும்பத்தோடு ஒட்டவில்லை. மற்றவை எலும்பு மஜ்ஜையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்க, இவற்றின் மூதாதைகள் கருவிலேயே தோலில் குடியேறிவிடுகின்றன. அதன்பின் அங்கேயே பிரிந்து பெருகிக் காலம் தள்ளுகின்றன. இந்த விஷயத்தில் இவை கிருமி விழுங்கும் மேக்ரோபேஜ்களின் சாயல். பிரான்சின் லியோனில் வேறொருவர் கையைப் பொருத்திக்கொண்டவரின் தோலைப் பல ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது, அதிலிருந்த லாங்கர்ஹான்ஸ் செல்கள் இன்னும் கை கொடுத்தவருடையதாகவே இருந்தன. மேக்ரோபேஜ் போலப் பிறந்து, டென்ட்ரிட்டிக் செல் போலப் பயணம் போகும் ஒன்றை எந்தப் பெட்டியில் போடுவது?

ஊசி போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் இல்லை. தோலில் காட்டும் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன, தசையில் அவ்வளவு இல்லை என்பது போதும். நாய் கடித்து அரசு மருத்துவமனைக்குப் போனால் இரண்டு புஜத்திலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், முதல் ஊசி போடும் அன்று, அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என்று போடுவது இந்தியாவில் 2006-லிருந்து நடைமுறை. மொத்தம் 0.8 மில்லி. தசையில் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் குப்பி வேண்டும். செலுத்திய இடத்தில் ஆரஞ்சுத் தோல் போல ஒரு சிறு மேடு எழுந்தால் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மேட்டுக்குள் உட்தோலின் டென்ட்ரிட்டிக் செல்கள் கூடுகின்றன, மருந்தில் கொஞ்சம் தானாகவே நிணநீரில் கசிகிறது, அக்குளில் கூட்டம் தொடங்குகிறது. போதிய அளவு எதிர்ப்பொருள் ரத்தத்தில் சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெறிநாய்க்கடி வைரஸோ அதற்குள் நரம்பைப் பிடித்துவிடலாம். கடி தோலைத் துளைத்திருந்தால், வேறு உடம்பில் ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருளைக் கடிவாய்க்குள்ளும் சுற்றிலும் நேராகச் செலுத்துவது அந்த இடைவெளிக்காக. அது வலிக்கும், பலர் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வார்கள். செல் நடந்து போய்ச் சேரும்வரை காயத்தில் காவல் இருப்பது அந்த ஊசி மட்டும்தான்.